பலகைக்கு அடியில்

என் தம்பிக்குக் கைப்பிடி என்றாலே ஆகாது. அலமாரிக் கதவில் ஒரு கைப்பிடி துருத்திக்கொண்டு நின்றால் அவனுக்கு முகம் சுண்டிவிடும். முப்பது வருடமாகச் சமையலறை அலமாரிகள் செய்துகொண்டிருக்கிறான். அவன் செய்கிற கதவுகளில் கைப்பிடி இருக்காது, குமிழ் இருக்காது. விரலால் லேசாக அமுக்கினால் கதவு தானாக முன்னால் வரும். பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். சமையலறையில் சமைக்கிற அடையாளமே தெரியக்கூடாது என்பது அவன் கட்சி. அப்புறம் எதற்கடா அந்த அறை என்று ஒருமுறை கேட்டேன். "உனக்கு ரசனையே கிடையாதுக்கா" என்றான்.

ரசனை இருந்ததோ இல்லையோ, எனக்கு ஒழுங்கு இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் பொருள் காப்பாளராக இருந்தவள் நான். எந்த பாட்டில் எந்தத் தட்டில், எது எதற்குப் பக்கத்தில் வரவே கூடாது என்பதெல்லாம் என் கைக்குத் தெரியும். என் வீட்டுச் சமையலறையும் அப்படித்தான் இருந்தது. சர்க்கரை, ஒரு பக்கம் நசுங்கிய பிஸ்கட் டப்பாவில். உப்பு, வாய் உடைந்த பீங்கான் ஜாடியில். டீத்தூள், மூடி கழன்றுவிடும் என்பதால் கயிறு கட்டிய தகரத்தில். சோடா மாவு, கழுத்தில் துணி சுற்றிய பழைய மருந்து பாட்டிலில். கரண்டிகள் ஆணியில் தொங்கும். கதவே இல்லாத திறந்த தட்டுகள். தம்பி உள்ளே வரும்போதெல்லாம் மூக்கைச் சுருக்குவான். "இது சமையல்கட்டா, பழைய சாமான் கடையா?"

பழைய சாமான் கடைதான். ஆனால் அந்தக் கடையில் நான் கண்ணை மூடிக்கொண்டு எதையும் எடுப்பேன். எடுக்கத்தான் வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் இரண்டு கண்ணிலும் ஒரு கறை விழுந்தது. கண் மருத்துவர் படம் வரைந்து காட்டினார். அந்தப் படத்தின் நடுவும் எனக்குத் தெரியவில்லை. ஓரங்கள் தெரியும், நடு தெரியாது. நேராக எதைப் பார்க்கிறேனோ அந்த இடத்தில் மட்டும் அழுக்குத் தண்ணீரைக் கொட்டியது போல ஒரு சாம்பல் வட்டம். தெருவில் நடப்பேன். சுவரில் இடித்துக்கொள்ள மாட்டேன். எழுத்துத் தெரியாது, கடிகார முள் தெரியாது, எதிரில் நிற்கிறவரின் மூக்கும் வாயும் தெரியாது. இனி சரியாகாது, மெதுவாகப் பரவும், எவ்வளவு மெதுவாக என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். எல்லோரும் இருக்கிறார்கள் என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

யாரும் இல்லை. கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள், பேருந்தில் மூன்று மணி நேரத் தொலைவில், பதினான்காவது மாடியில் இருக்கிறாள். அவள் அப்பா இறந்த வருடமே என்னிடம் ஒரு வாக்கு வாங்கிவிட்டாள். "உனக்கு உடம்புக்கு ஏதாவது ஒண்ணுன்னா, அன்னைக்கே வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும். ஒளிக்கக் கூடாது." சரி என்றேன். அப்போது எனக்குக் கண் நன்றாக இருந்தது, சொல்வது சுலபமாக இருந்தது.

அவள் வீட்டில் குறை ஒன்றும் இல்லை. மருமகன் தங்கமானவர். ஆனால் அங்கே நான் ஒரு சோபா. காலையில் யாராவது எழுந்து, "அம்மா, டீ வேணுமா?" என்று கேட்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். என் வீட்டில் நான் யாரையும் கேட்காமல் எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடிப்பேன். உலகத்தில் எனக்கு மிச்சம் இருந்த ராஜ்ஜியம் அவ்வளவுதான். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதனால் ஒளித்தேன்.

ஒளிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. நசுங்கல், உடைசல், கயிறு, துணி என்று என் டப்பாக்கள் ஒவ்வொன்றும் கை பட்டதும் தன் பெயரைச் சொல்லிவிடும். அவலட்சணமாக இருந்ததால்தான் அவை எனக்கு உதவின. இதை நான் யாரிடம் சொல்ல?

அந்த நேரத்தில்தான் மகளும் தம்பியும் சேர்ந்து எனக்கு ஓர் இன்ப அதிர்ச்சி கொடுத்தார்கள்.

பத்து நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டு வா என்று கட்டாயப்படுத்தி அழைத்துப்போனாள். திரும்பி வந்து வீட்டைத் திறந்தால் என் சமையலறையைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ நின்றது. வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவுகள், வெள்ளைக் கல். எங்கே சுவர் முடிகிறது, எங்கே கதவு ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. நல்ல கண் இருப்பவர்களே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தம்பி ஒவ்வொரு கதவாக அமுக்கித் திறந்து காட்டினான். உள்ளே ஒரே அளவில், ஒரே உயரத்தில், ஒரே மூடியோடு கண்ணாடிக் குடுவைகள். மேல் தட்டில் ஐந்து, கீழ்த் தட்டில் ஐந்து. ஒவ்வொன்றிலும் சின்ன எழுத்தில் அச்சடித்த பெயர். பழைய அடுப்பு இருந்த இடத்தில் கருப்புக் கண்ணாடியில் ஒரு மின் அடுப்பு. அதில் திருகு கிடையாது. விரல் வைத்தால் கீச் என்று ஒரு சத்தம் வரும்.

"எப்படிக்கா?" என்றான். குரலில் அப்படி ஒரு பூரிப்பு. யாரிடமும் கூலி வாங்காமல் பத்து நாள், தன் கையாலேயே செய்திருக்கிறான். யாரும் பார்க்காத பக்கத்துக்கும் பாலிஷ் போடுகிறவன் அவன். பலகையின் அடிப்பாகம்கூடக் கன்னம் மாதிரி இருக்கும்.

பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இருந்த காரணத்தை வெளியே எடுக்க முடியாது. "ரொம்ப நல்லா இருக்குடா" என்றேன்.

"என் பழைய டப்பாவெல்லாம்?"

"பழைய இரும்புக்காரர் அள்ளிட்டுப் போயிட்டார். அந்தக் குப்பையைப் பத்தி இன்னுமா கவலைப்படுறே?"

அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். மகள் படம் எடுத்தாள்.

நான்காம் நாள் நாக்கு வெந்தது.

சர்க்கரையும் உப்பும் சோடா மாவும் ஒரே குடுவையில் ஒரே வெள்ளையாக இருந்தால் என்ன செய்வது? கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்தேன். தம்பி அழகுக்காகப் பாத்திரம் கழுவும் தூளையும் அதே மாதிரிக் குடுவையில் கொட்டி அந்த வரிசையிலேயே வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது. முப்பத்தோரு வருடமாகப் பிள்ளைகளிடம், எந்தப் பொடியையும் வாயில் வைக்காதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தியவள் நான். குழாயடியில் நின்று வாயைக் கொப்பளித்துக்கொண்டே என்னை நானே திட்டிக்கொண்டேன். இரண்டு நாள் கஞ்சித் தண்ணீர்தான்.

அதற்கப்புறம் குடுவைகளுக்கு ரப்பர் வளையம் மாட்டினேன். சர்க்கரைக்கு ஒன்று, உப்புக்கு இரண்டு. அடுப்புக் கண்ணாடியில் விரல் வைக்கும் இடத்தில் ஒரு சொட்டுப் பசை விட்டுக் காயவைத்தேன். ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. தம்பி வந்தான்.

"என்னக்கா இது, குடுவைக்கெல்லாம் ரப்பரை மாட்டி வெச்சிருக்கே? கண்றாவியா இருக்கு!" என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டான். அடுப்பைக் குனிந்து பார்த்தான். "அட, இங்க பாரு, ஏதோ சிந்தி ஒட்டிக்கிட்டிருக்கு" என்று நகத்தால் சுரண்டி, துணியால் துடைத்து, ஊதியும் விட்டான். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஆமாடா, கவனிக்கவே இல்ல" என்றேன். கையில் கரண்டி இருந்தது. அடிக்காமல் விட்டது அவன் அதிர்ஷ்டம்.

கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அடையாளம் வைத்தால் தம்பி துடைத்துவிடுவான். அப்படியானால் கண் போகாத இடத்தில் வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த சாமான்களில், அறிவிப்புப் பலகையில் குத்துகிற தட்டைத்தலைப் பின் ஒரு டப்பா இருந்தது. ஒரு மதியம் உட்கார்ந்து, தட்டுகளின் முன்விளிம்புக்கு அடியில், ஒவ்வொரு குடுவைக்கும் நேராகக் குத்தினேன். சர்க்கரைக்கு ஒன்று. உப்புக்கு இரண்டு. டீத்தூளுக்கு மூன்று. சோடா மாவுக்கு நான்கு. கோதுமை மாவுக்கு ஐந்து. கீழ்த் தட்டுக்கும் அப்படியே. கழுவும் தூளை வரிசையிலிருந்து தூக்கித் தொட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றை வைத்தேன். கதவுகளுக்குச் சாண் கணக்கு. மூலையிலிருந்து இரண்டு சாண் என்றால் டம்ளர், நான்கு சாண் என்றால் சாப்பாட்டுத் தட்டு.

வெறுமனே இடமிருந்து எண்ணினால் போதாதா என்று கேட்கலாம். எண்ணிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் எண்ணிக்கை போய்விடும். பின் இருந்தால், கை எங்கே நிற்கிறது என்று அதுவே சொல்லும். பத்து நாளில் எனக்கு மறுபடி வீடு கிடைத்துவிட்டது. வருகிறவர்கள் படத்தில் வருகிற சமையலறை மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு மேல்பக்கம், எனக்கு அடிப்பக்கம்.

அடுப்புக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. கண்ணாடியில் அடிப்பக்கம் ஏது? காது கொடுத்துக் கீச் சத்தத்தை எண்ணிச் சமாளித்தேன். மணிக்கட்டில் இரண்டு தடவை சுட்டுக்கொண்டேன். முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தேன்.

நான் மறந்துபோனது ஒன்றே ஒன்றைத்தான். உலகத்திலேயே பலகையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கிற ஒரே ஆள் என் தம்பி.

வேலை முடிந்ததும் அவன் கண்ணை மூடிக்கொள்வான். மூடிக்கொண்டு, விளிம்பு விளிம்பாக, மேலும் கீழும் விரலை ஓட்டுவான். கண்ணுக்கு அகப்படாத பிசிறு விரலுக்கு அகப்படும் என்பான். பதினாறு வயதில் பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து வந்த பழக்கம் அது. ஒரு கீல் கத்துகிறது என்று நான் சொன்னதற்காக ஒரு நாள் வந்தான். கீலைச் சரிசெய்தான். எண்ணெய் விட்டான். அப்புறம் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு தட்டுக்கு அடியில் விரலை விட்டான்.

விரல் நின்றது.

"இது என்னக்கா?"

"எது?"

விரல் நகர்ந்தது. வாய்க்குள்ளேயே எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்று. கோபம் வரப்போகிறது, பாலிஷ் போட்ட பலகையில் ஆணி அடித்தாயா என்று குதிக்கப்போகிறான் என்று நான் தயாரானேன். அவன் கீழ்த் தட்டுக்கும் போனான். கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி முதல் பின்னுக்கே வந்தான். அப்புறம் கண்ணைத் திறக்காமல் அதற்கு நேரான குடுவையை எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு விரல் தொட்டு வாயில் வைத்தான்.

"சர்க்கரை" என்றான்.

நான் குடுவையை அவன் கையிலிருந்து வாங்கி மூடினேன்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் தோள் குலுங்குவது ஓரத்தில் தெரிந்தது. ஐம்பத்தைந்து வயது ஆள், கால் நீட்டிக்கொண்டு தேம்பினான். "அந்த ரப்பரைக் கழட்டினேனே... அடுப்பைச் சுரண்டினேனே... நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தானேக்கா இருந்தே..."

"பாக்கலடா. அதானே விஷயம்" என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

என் கையைப் பிடித்து இழுத்தபோது சட்டைக் கை மேலே ஏறி, தழும்பைப் பார்த்துவிட்டான். அதோடு அவன் அழுகை நின்றது. "மககிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"ரெண்டு பேரும் சொல்ல வேணாம். உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் நானே சொல்லிடுவேன்."

நீயெல்லாம் கூடப்பிறந்தவனா என்று கேட்டேன். அதைவிடக் கேவலமாகவும் கேட்டேன். அவன் கருவிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த வாரம் முழுக்க நான் எந்தப் பொருளையும் தவறாக எடுக்கவில்லை. அதை யாரிடம் காட்டி என்ன பயன்?

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். தம்பியும் வந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டான்.

என் மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் மின்தூக்கிகளைப் பரிசோதிக்கிற அதிகாரி. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், காகிதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடமாட்டாள். தானே உள்ளே ஏறி, மேலே போய், கீழே வந்து, நடுவில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் மருமகனையும் ஒரு வருடம் அப்படித்தான் ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.

அவளைக் கூப்பிட்டுத் தட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். "கண்ணை மூடு. அடியில கை வெச்சுப் பாரு" என்றேன்.

"என்னம்மா விளையாட்டு?"

"பாரு."

அவள் விரலை நானே பிடித்து ஒவ்வொன்றாக நகர்த்தினேன். "இது சர்க்கரை. இது உப்பு. இது டீத்தூள்." சோடா மாவுக்கு வருமுன்பே அவள் விரல் என் கைக்குள் விறைத்துவிட்டது. விவரம் தெரிந்த பெண். மீதியைத் தம்பி சொன்னான், கதவுகளின் சாண் கணக்கை நான் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். குரல் எழும்பவே இல்லை. "ரெண்டு வருஷமா நீ என் மூஞ்சியைப் பாத்தே பேசல. ஏதாவது சொன்னா அந்தப் பக்கம் திரும்பிக்குவே. என்மேல கோவம்னு நெனச்சேன். அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சுன்னு நெனச்சேன்மா."

"நேரா பாத்தா நீ தெரிய மாட்டே" என்றேன். "கொஞ்சம் திரும்பினாத்தான் ஓரத்துல தெரிவே. உன்னைப் பாக்கத்தான் திரும்பினேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டது அப்போதும் எனக்கு ஓரத்தில்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிவிட்டு வந்தாள். வாக்கை ஞாபகப்படுத்தப்போகிறாள், பெட்டி எடு என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நான் இங்க ஒரு டீ போடப்போறேன். என்னால முடிஞ்சா அம்மா இங்க இருக்கட்டும். முடியலன்னா இன்னைக்கே என்கூட வரணும்."

நானும் தம்பியும் வாசலில் நின்றோம். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஒரு வாரமாகப் பேசாமல் இருந்தவன் கையை நானும் விடவில்லை. அவள் மூலையிலிருந்து சாண் போட்டாள். கதவை அமுக்கினாள், டம்ளர் கிடைத்தது. பாத்திரம் கிடைத்தது. தண்ணீர் பிடித்தாள். தட்டுக்கு அடியில் விரலை ஓட்டி மூன்றாவதில் நிறுத்தி, முகர்ந்து பார்த்தாள். டீத்தூள். சர்க்கரையும் சரியாக எடுத்தாள். அடுப்பைத் தேடினாள். கண்ணாடியில் விரல் வழுக்கியது. இங்கே அங்கே என்று தொட்டாள், கீச் கீச்சென்றது, எப்படியோ சூடேறியது. தண்ணீர் கொதித்தது. மறுபடி தொட்டாள்.

"அணைச்சுட்டேன்" என்றாள். கண்கட்டை அவிழ்த்தாள்.

கண்ணாடிக்குள் சிவப்பு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அது எனக்கும் தெரிந்தது. அதற்கு அரைச் சாண் தள்ளி அவள் அவிழ்த்துப் போட்ட துண்டு கிடந்தது.

"இது தேறாது" என்றாள். கட்டடக்காரர்களிடம் சொல்கிற அதே குரல். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மகள் என் துணிகள் எந்த அறையில் இருக்கின்றன என்று கேட்டாள். போய்ப் பெட்டியைத் திறந்து வைத்தாள். அந்த மூடி சுவரில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தம்பியைக் காணோம். எப்போது போனான் என்று தெரியவில்லை. பாதிப் பெட்டி நிரம்பியபோது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அவன் எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான். பசை நாற்றம் முதலில் வந்தது. என் பழைய மின் அடுப்பு! இரும்புக்காரர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனபோது அதை மட்டும் பட்டறைக்கு எடுத்துப்போய்ப் பசை காய்ச்ச வைத்திருந்தான். உடம்பெல்லாம் பசை வழிந்து காய்ந்து, பார்க்கச் சகிக்காது. ஆனால் அதற்குத் திருகு இருந்தது. திருப்பினால் டக் என்று ஒரு தடவை சொல்லும், முழுக்க அணைந்தால் டக் டக் என்று இரண்டு தடவை சொல்லும்.

ஒருவரையும் ஒன்றும் கேட்காமல் திருப்புளியை எடுத்துக் கருப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கல்லில் அதற்காக வெட்டியிருந்த ஓட்டை பழைய அடுப்புக்குப் பெரிதாக இருந்தது. குறுக்கே போட ஒரு பலகைத் துண்டு தேடி, கிடைத்ததைப் போட்டான். இழைக்காத பலகை. ஒரு பக்கம் விரற்கடை இடைவெளி. மயிரிழை கோணினாலே மூன்று நாள் தூங்காதவன், அந்த இடைவெளியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். வெள்ளைச் சமையலறைக்கு நடுவில் அந்த அடுப்பு கல்யாண வீட்டில் வேலை உடுப்போடு வந்து நிற்கிற ஆள் மாதிரி நின்றது.

"மறுபடி கட்டிக்கோம்மா" என்றான் மகளிடம்.

அவள் துண்டை எடுத்தாள்.

இந்தத் தடவை அடுப்பு டக் டக் என்று அணைந்தது. அந்த டீயை மூன்று பேரும் குடித்தோம். கொஞ்சம் பசை வாசனை அடித்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மகள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஏதோ எழுதினாள். மின்தூக்கியில் அடுத்த பரிசோதனைத் தேதி எழுதுவார்கள் இல்லையா, அந்தப் பழக்கம். எழுதிவிட்டு நின்றாள். என்னைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. கட்டை விரலால் அதை அழித்தாள்.

"அந்தப் பின் டப்பா எங்கம்மா?"

கொடுத்தேன். மேல் தட்டின் அடியில், குடுவைகளெல்லாம் முடிந்த வலது ஓரத்தில், ஆறு பின் குத்தினாள்.

"ஆறு மாசம். மாசம் ஒண்ணு நீயே எடுத்துடு. நான் நாள் எண்ண மாட்டேன். தீர்ந்ததும் நீயே கூப்பிடு, வருவேன். அப்ப நான் கட்டிக்க மாட்டேன். நீ செய்யணும், நான் பாப்பேன். முடியலன்னா..."

"பெட்டி எடுக்கறேன்" என்றேன். "இந்தத் தடவை ஒளிக்க மாட்டேன்."

அதற்கப்புறம் கறை கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. அடுப்பு நிற்கிற இடம் இப்போது ஓரத்திலும் மங்கல். தம்பி ஞாயிறு தோறும் வருகிறான். எதையும் துடைப்பதில்லை. கதவுகளுக்கெல்லாம் கைப்பிடி வைத்துவிட்டான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. அவனைத் தேடி வருகிற வாடிக்கைக்காரர்களை என் வீட்டுப் பக்கமே அழைத்து வருவதில்லை என்று கேள்வி.

நேற்று ஐந்தாவது பின்னைப் பிடுங்கினேன். ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. பின் டப்பா கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. குலுக்கினால் இருபது, இருபத்தைந்து இருக்கும் போல் சத்தம் வருகிறது. இன்னும் இரண்டைக் குத்திவைத்தால் மகளுக்குத் தெரியப்போவதில்லை. டப்பாவைத் திறந்து ஒன்றைக் கையில் எடுத்துவிட்டேன், பொய் சொல்வானேன். பலகைக்கு அடியில் கையைக் கொண்டுபோய் வெகுநேரம் நின்றேன்.

அப்புறம் அதை டப்பாவிலேயே போட்டு மூடிவிட்டு, மூன்றாவது குடுவையை எடுத்தேன். ஒரு டீ போட்டேன். டக் டக் என்று அணைத்தேன். யாரையும் கேட்கவில்லை.